பெட்டியில் ஒட்டிய படம்

முகாம் ஆஸ்பத்திரியில் விளக்கே எரியவில்லையாம். டாக்ஸிக்காரருக்கு அவர் மச்சான் சொன்னாராம். மச்சானுக்கு யார் சொன்னது என்று அவருக்கே தெரியாது. சவரத்துக்கு நாற்காலியில் சாய்ந்தபடி, மழை வருமாம் என்பதுபோலச் சொன்னார்.

முடிதிருத்துகிறவனின் கத்தி அவர் தாடையருகே அப்படியே நின்றது. அந்த ஆஸ்பத்திரியில்தான் அவன் தங்கை பிரசவம் பார்க்கிறாள்.

"என்ன அண்ணே, நின்னுட்டீங்க? கழுத்து என்னுது, ஞாபகம் இருக்கட்டும்."

வெறும் வதந்தி என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் தீரப்போகிறது என்று தங்கையே சில வாரங்களுக்கு முன்பு போனில் அழுதிருந்தாள். அந்த முகாமுக்குக் காரணம் எல்லையோரம் வருடக்கணக்காக நடக்கும் சண்டை. எந்த டிவிக்கும் வேண்டாத சண்டை. அப்போது கையிலிருந்ததையெல்லாம் அனுப்பித் தீர்த்தபிறகுதான், நிவாரண சங்கத்தில் பூட்டிய உண்டியல் ஒன்று வாங்கிவந்து, 'எல்லை முகாம் மக்களுக்கு' என்று எழுதிக் கண்ணாடி முன் வைத்தான்.

வந்தவர்கள் உண்டியலைப் பார்த்தார்கள். உடனே தங்கள் கிருதாவைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கே இருக்கு இது? டிவியில காட்டவே இல்லையே?" என்றார் முடிவெட்ட வந்த பெயிண்டர் ஒருவர்.

"காட்டினா நான் ஏன்யா உண்டியல் வைக்கிறேன்?"

அந்த நேரம் பார்த்து வேறொரு தேசத்தில் நிலநடுக்கம். எந்தச் சேனலைத் திருப்பினாலும் இடிந்த வீடுகள். "அதுக்கு வசூல் பண்ணுங்க, இப்பவே போடறேன்" என்று பெயிண்டர் பையைத் தட்டினார். அன்றே அவன் பத்திரிகையில் வந்த நிலநடுக்கப் படமொன்றை வெட்டி, பழைய எழுத்தின்மேல் ஒட்டினான்.

"இது பொய் இல்லையாங்க?" என்றாள் மனைவி.

"கஷ்டப்படறவங்களுக்குத்தானே போகுது? விடு."

உண்டியல் மளமளவென்று நிறைந்தது. தங்கையிடம் போனில், "டீசல் வந்துடும்மா" என்றான்.

"நிச்சயமா அண்ணா? நகரத்துக்குப் போற கடைசி லாரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புது. மாசமா இருக்கிறவங்களை அதுல ஏத்திவிட்டுடவா?"

"அந்த ரோட்டுல எதுக்கு அலைக்கழிக்கிறே? அங்கேயே இருக்கட்டும்."

இன்று வெள்ளிக்கிழமை. டாக்ஸிக்காரரைப் பாதிச் சவரத்தோடு எழுப்பி அனுப்பிவிட்டு, உண்டியலைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு ஓடினான். அங்கிருந்த பெண் படத்தைப் பார்த்தாள்.

"இது நிலநடுக்கக் கணக்குக்குத்தான் போகும், அண்ணே."

"ஒட்டினது நான்தாம்மா. இதோ, கிழிச்சுடறேன்."

"ஒட்டினது நீங்க. போட்டது நீங்க இல்லையே? அவங்க எதுக்குன்னு போட்டாங்களோ, அதுக்குத்தான். நான் மாத்தினா என் வேலை போயிடும்."

"அங்கேதான் உலகமே கொட்டுதே!"

"தெரியும். போர்வை வைக்க இடமில்லாம திருப்பி அனுப்பறாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எல்லை முகாமுக்குன்னு இந்த ஊருல இருந்தது உங்க உண்டியல் ஒண்ணுதான் அண்ணே. அதை நம்பித்தான் டீசலுக்குச் சொல்லி வச்சிருந்தோம்."

மாடிப்படியில் இறங்கும்போதே தங்கையின் எண்ணை அழுத்தினான். ஏத்திவிடும்மா, ஒருத்தர் விடாம லாரியில ஏத்திவிடு. சொல்ல வேண்டியதை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தான். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. தெருவில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. யார் மேலோ மோதி, மன்னிப்புக்கூடக் கேட்காமல் மறுபடி அழுத்தினான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.