கேலக்ஸிக்குப் பயந்து மேடேறியவர்கள்

அந்தமானில் பாராடாங் தீவுக்குப் போகும் படகுக்காகப் பேருந்திலேயே காத்திருந்தேன். மடிக்கணினியில் என் ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கேலக்ஸிகள் சுழன்றபடி மோதினால் என்ன ஆகும் என்ற கணக்கு.

பக்கத்து இருக்கை அண்ணன் திரையில் சுழலும் படத்தை எட்டிப் பார்த்தார். "புயலாம்மா?"

நான் நிமிர்வதற்குள் கார் நிக்கோபார் தீவில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டு, "பிள்ளைங்கள கூட்டிட்டு ஜல்தி மேட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டார். சுனாமியைப் பார்த்த குடும்பம்.

நான் விளக்கியதும் மறுபடி போன் போட்டு என்னிடமே கொடுத்தார். அதற்குள் அவர்கள் ஏறிவிட்டிருந்தார்கள்.

"அது ரெண்டும் மோதினா இங்க கடல் பானி ஏறுமா?" என்று அந்த அக்கா கேட்டார்.

"ஏறாதுக்கா. அது வானத்துல, ரொம்ப தூரம்."

"டீக் ஹே. ஏறினது ஏறியாச்சு, சாப்பிட்டுட்டு இறங்குறோம்."

என் ஆராய்ச்சிக்கு இதுவரை கிடைத்த பெரிய வரவேற்பு இதுதான். உங்கள் ஆராய்ச்சியைப் பார்த்து யாராவது எழுந்தாவது நின்றிருக்கிறார்களா?