கார்த்திக் ஏறாத மலை

பெரு நாட்டின் பழைய மலை நகரத்துக்கும் ராட்சத ஆமைகள் வாழும் கலாபகோஸ் தீவுகளுக்கும் டிக்கெட் எடுத்த பிறகுதான் நான் கர்ப்பம் என்று தெரிந்தது. தாம்பரம் வீட்டில் மாமியார் மகனிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “பொண்டாட்டி மாசமா இருக்கறப்ப புருஷன் மலை ஏறக்கூடாது, கடல்ல குளிக்கக்கூடாதுடா.”

“ஆமைங்கதானேம்மா, எங்க ஓடிடப் போகுது?” என்று சிரித்த கார்த்திக், பயணத்தைத் தள்ளிப்போட்டான்.

ஐந்தாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. வீட்டில் சும்மா இருந்தால் உடைந்துவிடுவேன் என்று பயந்து, நானே மறுபடி டிக்கெட் எடுத்தேன்.

தீவுகளில் எல்லோரும் கடல் சிங்கங்களோடு நீந்தினார்கள். கார்த்திக் கரையிலேயே நின்றான். தண்ணீர் குளிர்கிறது போல என்று விட்டுவிட்டேன். மலையிலும் கற்படிகளுக்குக் கீழேயே நின்றான்.

“வா கார்த்தி, கைடு மேல போயிட்டாரு.”

“நீ போயிட்டு வா.”

“இவ்ளோ தூரம் வந்துட்டு என்னப்பா? இப்பதான் யாரும் தடுக்கலையே.”

“அதனாலதான் முடியல. ஏறிட்டா, நம்ம குழந்தை இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

இழந்தது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவன் பக்கத்தில் ஈரக் கல்லில் உட்கார்ந்தேன். அன்றுதான் முதல்முறையாக இருவரும் சேர்ந்து அழுதோம்.

மேலே என்ன இருந்தது என்று எங்களுக்கு இன்றும் தெரியாது.