இறங்காத தண்ணீர்

என் கணவர் ஓசூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை செய்தார். ஷிஃப்ட் முடிந்து வரும்போது சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். ஞாயிறு காலைகளில் தன்னோடு வேலை செய்கிறவர்களுடன் சானமாவு காட்டுப் பக்கம் ஓடப் போவார். யானை நடமாட்டம் என்று வனத்துறை சொல்லிவிட்டால் அந்த வாரம் ஓட்டம் கிடையாது. ஓடி வந்ததும் ஆரஞ்சு நிற ஸ்போர்ட்ஸ் டிரிங்க் ஒரு பாட்டில் குடிப்பார்.

"தண்ணி குடிச்சா தாகந்தான் போவுது. இது குடிச்சாதான் தெம்பு வருது" என்பார்.

போன கோடையில் ஒருநாள், காலையில் குடித்தது சாயங்காலம் வாந்தியாக வந்தது. நிறம்கூட அதிகம் மாறவில்லை. வெயில்தான் காரணம் என்று நான் நினைத்தேன். அவர் கேண்டீன் சாப்பாட்டைத் திட்டினார். அதற்கப்புறம் அடிக்கடி அப்படியே ஆனது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.

கிருஷ்ணகிரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"இரைப்பை ஒரு பை மாதிரி. குடிக்கிறது அதுல தங்கி, கீழ்வாய் வழியா சிறுகுடலுக்கு எறங்கும். வெறும் தண்ணி சீக்கிரம் எறங்கிடும். சர்க்கரை சேர்ந்தா கொஞ்சம் மெதுவா எறங்கும். தண்ணியோ, உப்போ, சர்க்கரையோ, உடம்பு பெரும்பாலும் எடுத்துக்கிறது குடல்லதான். உங்களுக்கு அந்தக் கீழ்வாய்ல கட்டி வளந்து அடைச்சிருக்கு."

என் கணவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "அப்ப இத்தினி நாளா நான் குடிச்சது ஒடம்புல சேரவே இல்லீங்களா?"

"கொஞ்சம் சேர்ந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

கட்டி ஈரல்வரை பரவியிருந்தது. வயிற்றில் துளையிட்டு, குடலுக்கு நேராக ஒரு குழாய் வைத்து, குருபரப்பள்ளி பக்கத்திலுள்ள அவர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குழாயில் நான்தான் கஞ்சித்தண்ணீரும் பால்மாவும் ஊற்றுவேன். உடம்புக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. வாய் மட்டும் காய்ந்தே கிடந்தது.

"ஒரு மொடக்கு குடும்மா. முழுங்க மாட்டேன், கொப்புளிச்சுத் துப்பிடறேன்."

அந்த ஆரஞ்சுப் பானத்தைக் கரண்டியில் எடுத்து வாயில் விட்டேன். கண்ணை மூடி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு கிண்ணத்தில் துப்பிவிட்டு, "நல்லாயிருக்குது" என்றார். நான் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆடி பிறக்குமுன் போய்விட்டார்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக் குளித்தபின், என் நாத்தனார் ரசம்சோறு பிசைந்து கொண்டுவந்தார். "ரெண்டு வாய் சாப்புடு அண்ணி, காலையிலிருந்து பச்சத்தண்ணி பல்லுல படல" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆனால் எனக்குப் பசித்தது. நாத்தனார் தட்டை வைத்துவிட்டுப் போனதும் அதை இழுத்து வைத்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.