புகைக்கூட்டின் மேல் ஒரு கிடாரம்

எங்கள் அப்பா குகதாசனுக்கு எவையெவற்றில் பயமில்லை என்று எழுதத் தொடங்கினால் ஒரு பஸ் ரிக்கற்றின் பின்பக்கமே போதும். தவளை என்றால் பயம். தபாற்காரன் என்றால் பயம், ஏனென்றால் அவன் கொண்டு வந்த எதுவும் இதுவரை நல்லதாக இருந்ததில்லை. காஸ் சிலிண்டர் வெடித்துவிடும் என்று அதைப் பழைய போர்வையால் மூடி வைத்திருக்கிறார். போர்வை எப்படித் தடுக்கும் என்று கேட்டால், "சும்மா கிடக்கிறதைவிட மூடிக் கிடக்கிறது நல்லதுதானே" என்பார்.

இந்தப் பயங்களால் எனக்குப் பொழுது நன்றாகப் போயிருக்கிறது. சவர்க்காரத்தில் பல்லி செதுக்கி அவருடைய செருப்புக்குள் வைத்த நாளில் அவர் பாய்ந்த பாய்ச்சலை யாராவது அளந்திருந்தால் மாவட்டத்தில் பதக்கம் கிடைத்திருக்கும். கணிதப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டைவிட்டு வீட்டில் இருக்கிறவளுக்கு வேறென்ன வேலை?

ஒரு பயத்தை மட்டும் நான் தொடுவதில்லை. அப்பா கூரையில் ஏற மாட்டார். ஏணியில் மூன்று படி ஏறினாலே கை நடுங்கும். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருநாள் ஆமியின் ஹெலி சுட வந்தபோது எல்லோரும் பதுங்குகுழிக்குள் ஓடிவிட்டார்கள். ஓடு மாற்றக் கூரையில் ஏறியிருந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் இறங்கப் பிந்திவிட்டார். "மேலை நிக்கிறவனைத்தான் மேலை இருந்து முதல் காணுவாங்கள்" என்று அப்பா ஒரு தரம் சொன்னார்.

அப்படிப்பட்ட மனுசருக்குக் கிடைத்த வேலை, கோப்பாயில் எங்கள் பக்கத்திலேயே உயரமான வீட்டைப் பார்த்துக்கொள்வது.

வீடு ரொறன்ரோவில் இருக்கிற ஞானாம்பிகை அன்ரியுடையது. அங்கே அவருடைய ஹோலில் குளிர் காய்கிற அடுப்பு ஒன்று சுவரோடு இருக்கிறதாம். வியர்வை துடைக்கத் துவாய் தேடுகிற எங்கள் ஊரிலும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லிக் கட்டுவித்தார். வெள்ளை மாபிள் முகப்பு, உள்ளே நெருப்புத் தாங்குகிற கல், கூரையைக் கிழித்துக்கொண்டு மேலே போகிற செங்கல் புகைக்கூடு. ஊரில் அதற்குப் பெயர் ஹோல் அடுப்பு. நாங்கள் பின்வளவில் இரண்டு அறையில் இருக்கிறோம். அப்பாவின் வேலை போனால் அந்த இரண்டு அறையும் போகும்.

அன்ரி போட்ட கட்டளை ஒன்றுதான். "மாரியிலை பூட்டிக் கிடக்கிற வீடு ஈரலிச்சுப் பூஞ்சணம் பிடிச்சுப்போம், குகதாசன். கிழமைக்கு ஒருக்கா அடுப்பை மூட்டி நல்லா எரியவிடும். வீடியோ எடுத்து அனுப்பும்."

முதல் மாரியிலேயே புகைக்கூட்டுக்குள்ளால் மழை இறங்கியது. கரியைக் கரைத்துக்கொண்டு வந்த கறுப்புத் தண்ணீர் வெள்ளை மாபிளில் வடிந்து கம்பளம் வரைக்கும் ஓடியது. உள்பக்கத்துச் சாந்து ஊறி உதிர்ந்தது. பிறகு ஒரு வௌவால் குடும்பம் குடிவந்தது. அன்ரியிடம் சொல்லலாமே என்றேன். "என்னைத்தான் ஏசுவா" என்று அப்பா கம்பளத்தை வெயில் கண்ட நேரமெல்லாம் காயப்போட்டார்.

ஓடு மாற்ற வந்த செபநாயகம் மேசன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு தொப்பி போடவேணும். நாலு காலிலை நிக்கிற மாதிரி, காத்துப் புகை போக இடம் விட்டு. ரவுனிலை சொல்லிச் செய்விக்கலாம்" என்றார்.

"தொப்பி வருமட்டும் என்ன செய்யிறது?" என்று அப்பா கீழே நின்று கேட்டார்.

"அதுமட்டும் ஏதாவது பழஞ்சாமானைக் கவிட்டு வைப்பம்."

கைபிடி உடைந்த அலுமினியக் கிடாரம் ஒன்று வீட்டின் பின்கோடிக்குள் கிடந்தது. கோயில் பொங்கலுக்கு வாங்கிய பெரிய சமையல் பாத்திரம். அதைக் கவிழ்த்தார்கள். காற்றில் பறந்து யாருடைய தலையிலாவது விழுந்துவிடும் என்று அப்பா கெஞ்சியதால் சுற்றிவரச் சீமெந்தும் பூசினார்கள்.

"இப்ப அடுப்பு மூட்டேலாது, விளங்குதோ?" என்று செபநாயகம் சொன்னார்.

"ஓம் ஓம். தொப்பி வந்த உடனை கழட்டுவம்."

தொப்பி வரவில்லை. தொப்பி என்றால் காசு, காசு என்றால் அன்ரி, அன்ரி என்றால் புகைக்கூடு ஒழுகுகிற கதை. அதுமட்டும் என்றது மூன்று மாரியாயிற்று. வீடியோவோ கிழமை தவறாமல் போனது. அடுப்புக்குள் நாலு தேங்காய்ச் சிரட்டை, மேலே ஒரு கட்டி கற்பூரம். அது பக்கென்று பிடித்து எரியும்போது நான் கிட்டவாகப் போய் எடுப்பேன். புகை ஹோலுக்குத் திரும்புமுன் படப்பிடிப்பு முடிந்துவிடும். அப்பா பக்கத்தில் வாளித் தண்ணீரோடு நிற்பார். சுவர்ப் பூஞ்சணத்தை அவர் நாள் நாளாகக் கையால் துடைத்தார். அன்ரி வட்ஸ்அப்பில் சிவப்பு இதயம் அனுப்புவார். அதைப் பார்க்கவும் அப்பாவுக்குப் பயம்.

போன மார்கழியில் அன்ரியின் மகள் நிவேதனா அக்கா இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினா. மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. வாசலில் நின்று கூரையைப் பார்த்தவ, "அட, புகைக்கூட்டுக்குக் கலசம் எல்லாம் வைச்சிருக்கிறீங்கள், வடிவாக் கிடக்குது" என்று படம் எடுத்தா. எனக்குச் சிரிப்பு முட்டியது. அப்பாவைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. மனுசரின் உதடு வெளுத்திருந்தது.

மூன்றாம் நாள் தாழமுக்கம் வந்தது. விடியப் பிடித்த மழை விடவில்லை, காற்று வாழைகளை முறித்தது, கரண்ட் போனது. அம்மா கரவெட்டியில் ஒரு கலியாண வீட்டுத் தையலுக்குப் போய் அங்கேயே அகப்பட்டிருந்தா. பெரிய வீட்டுக்குள் சுவரெல்லாம் நனைந்த துணி மாதிரிக் குளிர்ந்தது.

"அண்ணை, அடுப்பை மூட்டுவமே?" என்று நிவேதனா அக்கா கேட்டா. "வீடியோவிலை எவ்வளவு வடிவா எரிஞ்சது. பிள்ளையளுக்கும் காட்டலாம்."

"விறகு ஈரமாக் கிடக்குது, பிள்ளை."

"பரவாயில்லை, ஒருக்கா வைச்சுப் பாப்பம்."

வைத்துப் பார்த்தார்கள். புகை மேலே போய், கிடாரத்தில் முட்டி, திரும்பி வந்து ஹோலை நிரப்பியது. பிள்ளைகள் இருமினார்கள். நிவேதனா அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஏன் அண்ணை புகை மேலை போகேல்லை?" என்றா.

அப்பாவின் வாய் திறந்ததை நான் கண்டேன். சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஈர விறகுதான் பிள்ளை. கரி போட்டால் புகையாது."

அம்மா அயன் பெட்டிக்கு வைத்திருந்த ஊமற்கரி, பனங்கொட்டை ஓட்டில் சுட்ட கரி, ஒரு சாக்கு எங்களிடம் இருந்தது. அதை அப்பாவே சுமந்துபோய்க் கொட்டி மூட்டிக் கொடுத்தார். கரி சிவந்தது. புகையே இல்லை. சாரல் அடிக்கிறது என்று யன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தினார்கள். அப்பா பின்வளவுக்கு வந்து தேத்தண்ணி கேட்டார். தப்பிவிட்ட மனுசரின் முகம் அது. பயம் பிடித்தால் ஆளுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். அவருக்குத் தெரிந்தது புகை மட்டும்.

மத்தியானம் திரும்பியதும் நான் சாப்பாட்டுப் பாத்திரம் எடுக்கப் போய் வந்தேன். கொஞ்சம் சிரிப்பூட்டலாம் என்று, "கனடாப் பிள்ளையள் எங்கடை சோத்துக்கு மயங்கிட்டுதுகள் அப்பா. சின்னவன் கோப்பைக்கு மேலையே நித்திரை. மூத்தவள் கம்பளத்திலை. அக்காவுக்குத் தலையிடியாம், சோபாவிலை சரிஞ்சு கிடக்கிறா. பிளேன் அலுப்பாம்" என்றேன்.

அப்பா தேத்தண்ணியைக் கீழே வைக்கவில்லை. அது தானாக விழுந்தது.

"யன்னல் பூட்டியே கிடக்குது?"

"மழை அடிக்குதெல்லே."

"முருகா, நல்லூரானே."

ஓடும்போது மூச்சு வாங்கிக்கொண்டு பாதி பாதியாகச் சொன்னார். சண்டையில் இடம்பெயர்ந்து கொடிகாமத்துப் பக்கம் இருந்த மாரியில், ஈரம் காயட்டும் என்று கொட்டிலுக்குள் கரிச்சட்டி வைத்துக்கொண்டு ஒரு தாயும் கைக்குழந்தையும் படுத்தார்களாம். காலையில் தட்டி எழுப்பப் போனவர்களில் அப்பாவும் ஒருவர்.

முன்பக்கக் கண்ணாடிக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், வரும்போது நான்தான் சாத்தியிருந்தேன். அப்பா தட்டினார், கூப்பிட்டார். பதில் இல்லை. கண்ணாடி உடைகிற சத்தத்துக்கே காதைப் பொத்துகிற மனுசர், வாசலில் இருந்த பூச்சாடியைத் தூக்கிக் கண்ணாடிக் கதவில் எறிந்தார்.

உள்ளே ஹோல் அமைதியாக, இதமாக, வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அதுதான் பயங்கரமாக இருந்தது. ஒரு கெட்ட மணம்கூட இல்லை.

"சாரு, சின்னவனைத் தூக்கு! வெளியாலை கொண்டு ஓடு! மூச்சைப் பிடிச்சுக்கொண்டு போ!"

சின்னவனின் தலை என் தோளில் சாக்குப்பொதி மாதிரித் தொங்கியது. மூத்தவளை அப்பா தூக்கினார். இரண்டு பேரையும் மழையிலேயே கிடத்தினோம். முகத்தில் தண்ணீர் பட்டதும் மூத்தவள் முனகினாள். சின்னவன் முனகவில்லை. நான் அவனுடைய கன்னத்தில் தட்டினேன். "எடேய், எழும்படா, பகிடி விடாதை" என்றேன். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் மூச்சு விடுகிறானா என்று காது வைத்துக் கேட்டேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

அப்பா திரும்பி உள்ளே போய் நிவேதனா அக்காவை அணைத்துக்கொண்டு வந்தார். கால் பின்னிப் பின்னி நடந்தா. விறாந்தைத் தூணில் அவவைச் சாத்திவிட்டு, மறுபடியும் வாளியோடு உள்ளே போனார்.

தணலில் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு வெடி. சூடேறியிருந்த மாபிள் குறுக்கே பிளந்தது. அது உண்மையிலேயே துவக்குச் சூட்டுச் சத்தம் மாதிரித்தான் இருந்தது. உடைந்த கதவுக்குள்ளால் பார்த்தேன். அப்பா நிலத்தில் குப்புறக் கிடந்தார். இரண்டு கையாலும் தலையைப் பொத்தியிருந்தார். எழும்பவில்லை.

"அப்பா!"

அசைவில்லை. என் மடியில் சின்னவன். அவனை விட்டுவிட்டுப் போவதா, போகாமல் இருப்பதா?

"அப்பா, அது குண்டில்லை! மாபிள்! எழும்புங்கோ! மாபிள் அப்பா!"

நெடுநேரம் போன மாதிரி இருந்தது. பிறகு அவர் முழங்கையால் ஊர்ந்து, கண்ணாடித் துண்டுகளுக்கு மேலால் வெளியே வந்தார். அந்த நேரம் பார்த்துச் சின்னவன் தின்ற சோற்றையெல்லாம் என் சட்டை முழுவதும் சத்தி எடுத்தான். அவ்வளவு நல்ல சத்தியை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை.

கரி விட்ட நச்சுவாயு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால், என்று தொடங்கிய டொக்டர் அப்பாவின் முகத்தைப் பார்த்து வசனத்தை முடிக்காமல் போனார். பின்னேரம் நிவேதனா அக்கா கட்டிலில் இருந்தபடி தாயோடு வீடியோவில் கதைத்தா.

"புகைக்கூடு எப்பிடியோ அடைச்சுப்போச்சம்மா. அண்ணைதான் எங்களைக் காப்பாத்தினவர்."

கதை அதோடு முடிந்திருக்கலாம். இரண்டு அறையும் இருந்திருக்கும். வாயை மூடுங்கோ என்று அப்பாவின் சட்டையை நான் பின்னால் பிடித்து இழுத்தேன். அவர் அழுதுகொண்டே போனை வாங்கினார்.

"எப்பிடியோ இல்லை அக்கா. நான்தான் மூடுவிச்சனான். கிடாரத்தாலை. மூண்டு மாரியா மூடிக்கிடக்குது."

ரொறன்ரோவில் அன்ரி போனைக் கிட்டவாக இழுத்தார்.

"அப்ப அந்த வீடியோ?"

"கற்பூரம் அக்கா."

"கற்பூரமோ?" அன்ரியின் முகம் திரையில் அசையாமல் நின்றது. "கிழமைக்குக் கிழமை எனக்குக் கற்பூரம் காட்டினனீரோ?"

அப்பா தலை குனிந்து நின்றார். நான் என் கால்விரலைப் பார்த்தேன்.

"நாளைக்கு நீர் ஏறி அதைக் கழட்டவேணும். வேறை ஒருத்தரும் இல்லை, நீர். நிவேதனா எனக்கு நேராக் காட்டுவாள். உம்மடை முகம் தெரியவேணும். இல்லாட்டி வளவை விட்டுப் போம்."

அடுத்த நாள் எல்லோரும் வீட்டுக்கு வந்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஏணியைச் சாத்திவிட்டு நான் மெதுவாகச் சொன்னேன். "அப்பா, உங்கடை சட்டையையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு நான் ஏறுறன். முகத்தை அங்காலை திருப்பி நிண்டால் அவவுக்கு என்ன தெரியப்போகுது?"

"இனி உந்த வீடியோ வேண்டாம், பிள்ளை."

ஏறினார். மூன்றாம் படியில் ஏணி முழுவதும் நடுங்கியது. நடுக்கம் என் கைக்குள் வந்தது. நின்று நின்று ஏறி, ஓட்டில் நாலு காலில் தவழ்ந்தார். பல்கனியில் நிவேதனா அக்கா போனைத் தூக்கிப் பிடித்திருந்தா. அப்பா புகைக்கூட்டைக் கட்டிப்பிடித்து, இடுப்பில் இருந்த சுத்தியலை எடுத்தார்.

அப்போதுதான் பலாலி விமான நிலையத்தில் இருந்து ஒரு விமானம் எழும்பியது. அது சனத்தை ஏற்றிக்கொண்டு போகிற விமானம். முகிலுக்குள் அதைக் காணவும் முடியவில்லை, சத்தம் மட்டும் எங்களுக்கு மேலே வந்தது. சுத்தியல் ஓடுகளில் உருண்டு வளவுக்குள் விழுந்தது. அப்பா ஈர ஓட்டில் முகத்தை ஒட்டிப் படுத்துவிட்டார்.

"சரி, காணும், இறங்கச் சொல்லு!" என்று போனுக்குள் அன்ரியின் குரல் கேட்டது. "ஐயோ, விழப்போறான். நிவேதனா, இறங்கச் சொல்லடி!"

"அண்ணை, இறங்கட்டாம்!"

அப்பா இறங்கவில்லை. சத்தம் போய் முடியும் வரைக்கும் கிடந்தார். பிறகு எழும்பிக் குந்தி இருந்து, சுத்தியல் இல்லாமல், வெறுங்காலால் கிடாரத்தை உதைத்தார். சீமெந்து தெறித்தது. இன்னொரு உதை. கிடாரம் கழன்று, ஓட்டில் தடதடவென்று உருண்டு, செவ்வரத்தைச் செடிக்குள் போய் விழுந்தது.

"செபநாயகத்தைக் கூப்பிட்டு ஒழுங்கான தொப்பி ஒண்டு போடச் சொல்லு" என்று அன்ரி மகளிடம் சொன்னார். "மாபிளையும் பாக்கட்டும். இனிமேல் ஒழுகினால் எனக்குச் சொல்லச் சொல்லு அவனுக்கு. நான் என்ன பேயே?"

இதெல்லாம் அப்பாவுக்குக் கேட்டதோ தெரியாது. திறந்த புகைக்கூட்டைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். ஏறினவருக்கு இறங்கப் பயம்.

"சாரு!"

"என்னப்பா?"

"ஏணி நிக்குதோ?"

"நிக்குது."

"ஆட்டமாட்டாய்தானே?"

"ஆட்டமாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா அப்பா. இறங்குங்கோ."

மழை திரும்பவும் துமிக்கத் தொடங்கியது. அவருடைய ஒரு கால் பின்பக்கமாக வந்து, காற்றில் முதலாவது படியைத் தேடியது. நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.