அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது

நான் காலேஜில் சேர்ந்த கையோடு, கீழ்பென்னாத்தூர் அத்தை தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்துவிட்டாள். அவள் அப்பாவின் அக்கா. அக்கா சொல்லி அப்பா எதையும் மறுத்ததில்லை. "படிப்பை அங்கிருந்தே படிக்கட்டும், பஸ்ஸா இல்ல?" என்றாள். அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த முறை அத்தை நிச்சயதார்த்தப் புடவை பற்றிப் பேசியபோது என் வாயில் வந்துவிட்டது: "நான் ஒருத்தரை லவ் பண்றேன்."

அப்படி யாரும் இல்லை. மறுநாள் காலேஜ் கேன்டீனில் என் வகுப்புப் பையன் ஒருவனைப் பிடித்தேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் அவன் வீட்டார் ஜூஸ் கடை வைத்திருந்தார்கள்.

"சும்மா பேருக்குத்தான். யாராவது கேட்டா ஆமானு சொல்லு, போதும்."

"அடிக்க வந்தா?"

"ஓடிடு."

சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். சேர்ந்து ஒரு செல்ஃபி எடுத்து வீட்டில் காட்டினேன். அப்பா அதைப் பார்த்ததோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார். அத்தை ஒப்பாரி வைத்தாள். அம்மா மட்டும் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அதன் பிறகு வீட்டில் எல்லாமே ஒரு மாதிரி இருந்தது. நான் உள்ளே நுழைந்தால் அம்மா ஃபோனில் குரலைத் தணிப்பாள். மாடி அறையில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரம்மாவுக்குச் சாவி கொடுக்கப் போவதாகச் சொல்லி, மாடிப்படியில் நின்று ஃபோன் பேசுவாள். ஒருநாள் குழம்புக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, "அந்தப் பையனுக்கு இது ஒத்துக்காதாமே, உடம்பெல்லாம் தடிச்சிடுமாம்" என்றாள்.

எனக்கே அது தெரியாது.

அவன்மேல்தான் சந்தேகம் வந்தது. அத்தை ஆள் வைத்து அவனை மடக்கிவிட்டாளோ? என்னிடம் சிரித்துப் பேசிவிட்டு, எல்லாவற்றையும் அத்தையிடம் ஒப்பித்து, அது அம்மா காதுக்கு வருகிறதோ? நான் சாப்பிட்டேனா என்று அவன் கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறான் என்று யோசித்தேன். அவன் கேட்காத நாட்களில் அதைவிட ஜாஸ்தி யோசித்தேன்.

ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவன் ஃபோன் அடித்தது. திரையில் பெயர் இல்லை, வெறும் நம்பர். அது அம்மாவின் நம்பர்.

"யார்டா அது?"

அவன் முகம் செத்துப்போனது. "உங்கம்மா. மொத வாரமே எங்க கடைக்கு வந்துட்டாங்க. நிஜமாவே லவ் பண்றியானு கேட்டாங்க. இல்லங்க ஆன்ட்டினு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா?"

"அவங்க கோவப்படல. 'இதை வேற யார்கிட்டயும் சொல்லாத. அவ அத்தை வந்து கேட்டா மட்டும் ஆமானு சொல்லு'னு சொன்னாங்க. உன்கிட்டயும் சொல்லக் கூடாதுனு சத்தியம் வாங்கிட்டாங்க."

வீட்டுக்கு ஓடினேன். அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உனக்கு பயம் போயிருக்கும். உன் மூஞ்சைப் பாத்தே உங்க அத்தை கண்டுபிடிச்சிருப்பா." கடலைத் தோலை ஊதினாள். "அவகிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு இந்த வீட்டுல வாய் ஏது? பொண்ணு சொன்ன பேச்சு கேக்கலனுதான் சொல்லிக்க முடியும்."

அத்தை அவனைத் தேடிக் கடைக்கே போனாள். அவன் கை கட்டி நின்று, ஆமாம் என்றானாம். தை மாதம் அத்தை மகனுக்குச் சேத்துப்பட்டில் பெண் பார்த்து முடித்தார்கள். அப்பா என்னோடு மறுபடி பேச ஆரம்பிக்க மாசிவரை ஆனது.

அத்தை மகனின் கல்யாணப் பத்திரிகை வந்த அன்று அவனிடம் கேட்டேன்: "எங்கம்மாகிட்ட இல்லனு சொன்னியே. இப்பவும் இல்லதானா?"

"அவங்க கேட்டது மொத வாரம்," என்றான். "இப்ப யாரும் கேக்கல."

அம்மா சொல்லிக்கொடுத்துப் பேசுகிறானோ என்று அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அவன் சொந்தப் பேச்சுதான் என்று நம்ப எனக்கு வெகுநாள் பிடித்தது.