சோத்துக்கை எந்தக் கை?

பிரெஞ்சு நாட்டில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கை வைத்திய நிபுணர் ஒருவரிடம் நான் செயலாளராக வேலை செய்கிறேன். அவர் என்ன சிகிச்சை செய்தாலும் அதற்கென்று ஒரு குறியீடு உண்டு: நாலு எழுத்து, மூன்று எண். அதைப் போட்டு, எந்த விரல், எந்தப் பக்கம் என்று எழுதி, நோயாளியின் விவரக் கோப்பான தொசியேயைக் கிளினிக்குக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் தொசியே திரும்பி வரும். என்னுடையது திரும்பி வராது. இதை நான் சொல்லிக் கேட்காத ஆள் இந்தத் தெருவில் இல்லை; அவ்வளவு வாய் எனக்கு.

அந்தக் கோடையில் மீன்கடை அண்ணைக்கு நடுவிரல் மடங்கினால் நிமிராது என்று ஆகிவிட்டது. சின்ன ஒப்பரேசன்தான், ஆனால் அவருக்கு அவசரம். மகளுக்குக் கோயிலில் சோறு தீத்த, முதன்முதலாய்ச் சோறூட்ட, நாள் வைத்திருந்தார்கள். கலியாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. முதல் பிடிச் சோற்றை இந்த விரலோடு எப்படித் தீத்துவேன் என்று மனிதர் கண் கலங்கினார். கிளினிக்கில் அந்த நாளுக்கு முன் ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது.

வைத்தியரின் குறிப்பில் விரல் இருந்தது, பக்கம் இல்லை. அவரோ அன்று முழுக்க ஒப்பரேசன் அறையில். எனக்கா பொறுமை? அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“எந்தக் கை அண்ணை?”

“சோத்துக்கை, தங்கச்சி.”

சோறு தின்கிற கை வலது கை. இதற்கு மேல் என்ன கேள்வி? வலது என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்த நாள் தொசியே திரும்பி வந்தது. என் தொசியே! வலது நடுவிரலுக்கு இதே குறியீட்டில் இரண்டு வருடம் முன்பே வேறோர் இடத்தில் ஒப்பரேசன் நடந்திருக்கிறதாம். பன்னிரண்டு மணிக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் இடம் இன்னொருவருக்கு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அண்ணை தொலைபேசியையும் எடுக்கவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு மீன்கடைக்கு ஓடினேன்.

“அண்ணை, உங்களுக்கென்ன ரெண்டு வலது கையோ?”

“என்ன பிள்ளை, விசர்க்கதை கதைக்கிறாய்? முந்திச் செய்தது மற்றக் கை. இதுதான் சோத்துக்கை.”

அவர் நீட்டியது இடது கை. மீன் வெட்டுகிற கத்தியும் அதில்தான் இருந்தது. எத்தனை வருடமாக அவரிடம் மீன் வாங்குகிறேன், கண்ணை எங்கே வைத்திருந்தேனோ!

“சின்னனிலை அம்மா அகப்பைக் காம்பாலை அடிச்சு வலக்கைக்கு மாத்தினவ,” என்றார். “இஞ்சை வந்து முதல் நாள் தனியச் சாப்பிடேக்கை பாத்தன், அடிக்க ஒருத்தரும் இல்லை. அண்டையிலயிருந்து இந்தக் கைதான்.”

ஆத்திரமும் சிரிப்பும் எனக்கு ஒன்றாக வந்தன. திரும்பி ஓடி, வைத்தியரைப் பிடித்துக் கேட்டு, பக்கத்தை மாற்றி அனுப்பியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. இடம் பறிபோகவில்லை. இப்போதெல்லாம் ஒருவரையும் தொலைபேசியில் கேட்பதில்லை. நேரே வந்து நோகிற கையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன்.

சோறு தீத்தலுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது, விரல் அழகாக நிமிர்ந்தது. அவர் இடக்கையால் புக்கைச் சோற்றைப் பிசைந்து உருட்டியதும் அவருடைய மாமியார் பதறிவிட்டார்.

“ஐயோ தம்பி, வலக்கையாலை தீத்துங்கோ!”

ஐயரும் மந்திரத்தை நிறுத்தினார். அண்ணையின் கை அந்தரத்தில் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

“அவருக்கு அதுதான் சோத்துக்கை! தொசியேயிலையும் அப்பிடித்தான் கிடக்கு!” என்று கத்திவிட்டேன்.

மாமியார் எனக்குப் பதில் சொல்ல வாயைத் திறக்குமுன் பிள்ளை வாயைத் திறந்துவிட்டாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. விழுங்கி முடித்ததும், தகப்பனின் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து மறுபடி வாய்க்கு இழுத்தாள்.