எந்த ஊரு தம்பி?

ரப்பர் விலை விழுந்ததும் பத்து காவான் என்ற தோட்டத்தில் கணக்கெழுதும் என் கிராணி வேலை போய்விட்டது. வேலையில்லாத தமிழர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டணத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். நான் பிறந்ததே இங்கே, மலாய் மண்ணில், பாகான் டாலாமில். என்னை எங்கே திருப்புவது? நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது, பயமாகவும் இருந்தது.

அக்கரைத் தீவில், பள்ளிவாசலுக்கு எதிரே மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர் கடைக்கு ஆள் தேடுவதாக மச்சான் சொன்னார். அவர் நாகப்பட்டணத்துக்காரராம். படிப்பையும் அனுபவத்தையும் அவிழ்த்துக் கொட்டாதே, ஊரை முதலில் சொல், மற்றது தானாக நடக்கும் என்றார். மச்சானுக்கு எல்லாம் தெரியும், தனக்கொரு வேலை தேடிக்கொள்வதைத் தவிர. ஆனாலும் அப்பாவின் ஊர் அதுதானே என்று ஃபெர்ரியில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்கால அசர் தொழுகை முடிந்து, கடை வாசலில் முதலாளி நாலைந்து வியாபாரிகளோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வேலை கேட்டு வந்திருக்கிறேன் என்றேன்.

“எந்த ஊரு தம்பி?”

“நாகப்பட்டணம், முதலாளி.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்காரப் போனேன்.

“எந்தத் தெரு? யாரு வூட்டுப் புள்ள?”

பாதி குனிந்தபடி நின்றுவிட்டேன். அந்த ஊரில் ஒரு தெருவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வியாபாரிகள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். மச்சானை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். வாயில் வந்த ஒரு தெருவைச் சொல்லலாம். அடுத்த கேள்வியில் மாட்டுவேன். அப்புறம் கப்பல்தான்.

“அது அப்பா சொன்ன ஊரு, முதலாளி. நான் பார்த்ததில்ல. பொறந்தது பாகான் டாலாம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இங்க உள்ள தெருவும் சந்தையும், ஜாலானும் பாசாரும்தான்.”

ஒரு வியாபாரி சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. கிளாசைக் கீழே வைத்துவிட்டு, மலாய் வருமா, சீனர்களோடு பேசுவாயா என்று கேட்டார். மலாய் நன்றாக வரும், சீனர்கள் பேசும் ஹொக்கியனும் சந்தையில் சமாளிக்கும் அளவுக்கு வரும் என்றேன்.

அவர் கடைக்குள் திரும்பிப் பார்த்தார். அங்கே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அவர் ஊரிலிருந்து வந்தவர்கள்.

“ஊரு ஆளுங்க எங்கிட்ட நெறைய இருக்காங்க லா. இந்த ஊரு ஆளுதான் இல்ல. உக்காரு.”

உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தேநீர் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் என் பெயரைக் கேட்டார்.